ட்ரோன் ஷாட் இருக்கட்டும்... வில்லங்கத்தைச் சொல்லுங்க!

“வணக்கம் மக்களே... கிளாம்பாக்கத்துல இருந்து ஜஸ்ட் 10 நிமிஷம். கேட்டட் கம்யூனிட்டி. 80 சதவீதம் லோன் வசதி. இன்னும் நாலே நாலு ப்ளாட்தான் பாக்கி!”

செல்போனை எடுத்தால் தினமும் இப்படி ஒரு வீடியோவாவது கண்ணில் பட்டுவிடுகிறது. டீக்கடை பெஞ்ச், சார்பதிவாளர் அலுவலக வாசல், கக்கத்தில் ஒரு டைரி என்று நடந்துவந்த தரகுத் தொழில், இப்போது இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று குடிபெயர்ந்துவிட்டது. காலம் மாறும்போது தொழிலும் மாறத்தான் செய்யும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், விற்கப்படுவது சேலையோ செல்போனோ அல்ல. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட முடியாது. நடுத்தரக் குடும்பம் நகையை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்து, 20 வருடக் கடனில் இறங்கி வாங்குகிற பொருள் இது. அந்த ஒரு நிமிட வீடியோவில் எது சொல்லப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் நிம்மதி இருக்கிறது. தரகரின் பெயரும் அதில்தான் இருக்கிறது.

ஆன்லைன் தரகருக்கு என்ன தந்தது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். முன்பெல்லாம் தரகர்களுக்கு எல்லை உண்டு. இந்தத் தெரு முதல் அந்தத் தெரு வரை ஒருவர், அதற்கு அப்பால் இன்னொருவர். பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுக்க வசதி இருந்தவர்களுக்கு மட்டும் வெளியூர் வாடிக்கையாளர் கிடைத்தார். இன்று தஞ்சாவூரில் இருக்கும் ஒரு தரகர், துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு வீடியோ காலில் மனையின் நான்கு மூலைகளையும் காட்டிவிட முடிகிறது. டீக்கடை பெஞ்ச் என்பது ஆண்களின் இடமாகவே இருந்தது. கையில் ஒரு போன் இருந்தால் போதும் என்றானதும் பெண்களுக்கும் இந்தத் தொழிலின் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் பட்டியலிடலாம். கூகுள் மேப்பில் அலுவலகத்தைப் பதிவு செய்து வைக்கலாம். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் போட்டு வைக்கலாம். பெரும்பாலும் செலவே இல்லை. ஆக, கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் உண்மைக்குத்தான்!

‘ரீல்ஸ்தானே’ என்றால் சட்டம் விடுமா?

ரீல்ஸ் போடுவது விளம்பரம் ஆகாது, சும்மா தகவல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ‘ரெரா’, அப்படிப் பார்க்கவில்லை. எந்த ஊடகத்தின் வழியாக, எந்த வடிவில் வந்தாலும் அது விளம்பரமே என்கிறது அந்தச் சட்டம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதற்குள் அடங்கும்.

சட்டத்தின் மையம் இதுதான். 500 சதுர மீட்டர் அல்லது 8 வீடுகள் என்ற அளவைத் தாண்டும் திட்டத்தை, ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது, முன்பதிவு வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் பளிச்சென்று இருக்க வேண்டும். இத்தகைய திட்டங்களை விற்றுக்கொடுக்கும் முகவரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய வீட்டை ஓனரிடமிருந்து வாங்கிக் கொடுப்பதும், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதும் இந்தப் பதிவுக்குள் வராது. புது லே-அவுட், புது அபார்ட்மென்ட் என்றால் தப்பிக்க வழியில்லை.

மீறினால்? முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது அந்த மனையின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். 30 லட்ச ரூபாய் மனையை எடுத்துக்கொள்வோம். 2 சதவீத கமிஷன் என்றால் 60,000 ரூபாய். அபராதம் 1.5 லட்சம் வரை போகலாம். கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள்.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று இன்னமும் சிலர் வீடியோவில் பெருமையாகச் சொல்கிறார்கள். ஊராட்சித் தலைவருக்கு லே-அவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் கிடையாது. டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடையால் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது தரகர்களுக்குத் தெரியாததல்ல.

வீடியோவில் வந்து பேசும் பிரபலங்களுக்கும், லட்சக்கணக்கில் ஃபாலோயர்கள் வைத்திருப்பவர்களுக்கும் தனிப் பொறுப்பு இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பேசினால் ‘இது விளம்பரம்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

அந்த ‘10 நிமிஷம்’ யாருடைய 10 நிமிஷம்?

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதன் பிறகு செங்கல்பட்டு பக்கம் எந்த மனையும் ‘கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்தில்’தான் இருக்கிறது! எந்த நேரத்தில் கிளம்பினால் 10 நிமிஷம் என்று யாரும் சொல்வதில்லை. காலை 9 மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

பரந்தூர் விமான நிலையம் இன்னொரு உதாரணம். 2022-ல் இடம் அறிவிக்கப்பட்ட உடனேயே ‘ஏர்போர்ட் அருகில்’ விளம்பரங்கள் கிளம்பிவிட்டன. ஏகனாபுரம் மக்கள் நிலத்தைத் தர மாட்டோம் என்று போராடிக்கொண்டிருந்தபோதும் அவை ஓயவில்லை. பெரிய திட்டத்துக்கு அருகில் நிலம் வாங்குபவருக்கு விலை ஏறும் வாய்ப்பு இருக்கலாம். அதே நிலம் கையகப்படுத்தலுக்குள் வரும் அபாயமும் இருக்கலாம். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு, இரண்டாம் பாதியை முழுங்கிவிடுவதற்குப் பெயர் மார்க்கெட்டிங் அல்ல.

‘3 வருஷத்துல டபுள்’ என்ற வாக்குறுதியும் இதே ரகம்தான். அடுத்த மாத விலையையே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவில் தயாரித்த மரங்களையும் நீச்சல் குளத்தையும் காட்டிவிட்டு, வெறும் பொட்டல் காட்டை விற்பதும் இப்போது சேர்ந்திருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர், கட்டிய தொகையை வட்டியுடன் திரும்பக் கேட்க ரெரா சட்டத்தின் 12-வது பிரிவு வழி செய்திருக்கிறது. ரீல்ஸை டெலிட் செய்துவிட்டால் போச்சு என்று நினைக்க வேண்டாம். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எல்லோர் போனிலும் இருக்கிறது.

காசில்லாமல் கிடைக்கும் கருவிகள்

ஆன்லைன் கருவி என்றாலே கேமரா, ட்ரோன், எடிட்டிங் ஆப் என்றுதான் பேசுகிறோம். ஒரு தரகருக்கு அதைவிடப் பெரிய பலம் அரசு இணையதளங்களில் சும்மா கிடக்கிறது.

பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பும் அங்கேயே இருக்கிறது. வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டமும் முகவரும் பதிவு பெற்றவர்களா என்று தெரிந்துகொள்ளலாம். கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன. இன்று சமதளமாக இருக்கும் மனை, 15 வருடத்துக்கு முன் ஏரியின் ஓரமாக இருந்ததா என்று அதில் தெரிந்துபோகும். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிக்கு ட்ரோன் ஷாட்டைவிட இது முக்கியம்.

இதையே ஒரு வீடியோவாகப் போடலாமே? ‘இந்த மனையின் சர்வே எண்ணை வைத்து நீங்களே எப்படிச் சரிபார்ப்பது’ என்று 3 நிமிடம் பேசுங்கள். கூடவே, வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டும்தான் தெரியும், பதிவாகாத ஒப்பந்தமோ வாரிசுத் தகராறோ அதில் வராது, மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள் என்றும் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் தரகரை ஜனங்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த முறை தங்கச்சிக்கு வீடு பார்க்கும்போதும் அவருக்குத்தான் போன் வரும்.

எதைப் பகிரக் கூடாது?

ஒரு சொத்து விற்பனைக்கு வந்தால், பத்திர நகல், பட்டா, ஓனரின் ஆதார் எல்லாவற்றையும் மொத்தமாக ஸ்கேன் செய்து, 200 பேர் இருக்கும் தரகர் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து அது எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆள்மாறாட்டம் செய்து சொத்தை விற்கும் கும்பலுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? வெளிநாட்டில் இருக்கும் ஓனர், தனியாக வசிக்கும் முதியவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

சர்வே எண்ணையும் ஊரையும் சொன்னாலே அடிப்படைச் சரிபார்ப்புக்குப் போதும். பத்திர நகலை, உண்மையாகவே வாங்க வருபவருக்கு மட்டும், ஓனரிடம் கேட்டுவிட்டு, ஆதார் எண்ணையும் கையெழுத்தையும் மறைத்துக் கொடுங்கள். வாடகைக்கு ஆள் குடியிருக்கும் வீட்டை வீடியோ எடுக்கும்போதும் அப்படித்தான். அவர்கள் வீட்டுக் குழந்தையின் போட்டோவும் பீரோவும் உலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

வாடகைச் சந்தையின் தலைவலிகள்

வாடகை விளம்பரங்களில் நடப்பது வேறு கதை. போன மாதமே ஆள் வந்துவிட்ட வீடு, இன்னும் தளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். போன் செய்தால், ‘அது முடிஞ்சிருச்சு சார், வேற ஒண்ணு இருக்கு’ என்பார்கள். தூண்டிலில் புழு வைப்பது போலத்தான் இது. வீடு முடிந்த அன்றே பதிவை எடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில் பத்து பேரின் அலைச்சல் மிச்சமாகும்.

வீட்டைப் பார்க்கும் முன்பே ‘டோக்கன் அட்வான்ஸ்’ கேட்டு ஜி-பேயில் பணம் வாங்கிக்கொண்டு மறையும் மோசடிகளும் நடக்கின்றன. ஓனர்களும் தப்புவதில்லை. ‘நான் ராணுவ அதிகாரி, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று வரும் அழைப்பு பழைய தந்திரம். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையே இல்லை. கேட்டால் மோசடி என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். நேர்மையான தரகர்கள் இதைத் தங்கள் பக்கத்தில் பின் செய்து வைத்தாலே பெரிய சேவை.

‘சைவம் மட்டும்’, ‘இந்தச் சமூகத்தினருக்கு மட்டும்’ என்று போடும் வழக்கமும் ஆன்லைனுக்கு வந்திருக்கிறது. முன்பு காதோடு காதாகச் சொன்னதை இப்போது போஸ்டராகவே போடுகிறார்கள். ‘ஓனர் சொல்றார், நான் என்ன பண்ண?’ என்பது பதில் ஆகாது. போஸ்ட் போடும் கை தரகருடையது. ஓனரிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லும் இடத்தில் இருப்பவரும் அவர்தான்.

‘இதையெல்லாம் சொன்னா யார் சார் வாங்குவா?’

இந்தக் கேள்வி நியாயமானது. பக்கத்து லே-அவுட்காரர் பொய் சொல்லி விற்றுக்கொண்டிருக்கும்போது, ‘இங்கே மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும்’ என்று வீடியோவில் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஆனால், தொழிலில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆயிரம் லைக் வந்த வீடியோவைப் பார்த்து 50 பேர் போன் செய்வார்கள். 10 பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போக வேண்டும். அங்கே போய் நிஜத்தைப் பார்த்ததும் ஒன்பது பேர் முகம் சுளித்துத் திரும்புவார்கள். பெட்ரோலும் பகலும் போச்சு. சாலையின் அகலம், தண்ணீர் வசதி, விலை, குறை எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னால் 50 போன் 10 ஆகக் குறையலாம். வருகிற 10 பேரும் தெரிந்தே வருவார்கள். பத்திரப்பதிவு முடிந்த பிறகு சண்டைக்கும் வர மாட்டார்கள்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. மகாராஷ்டிர ரெரா, விளம்பரங்களில் க்யூ.ஆர். கோடை 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. ஸ்கேன் செய்தால் திட்டத்தின் மொத்த விவரமும் வந்துவிடும். முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊரிலும் தரகர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, சமூக வலைதள விளம்பரங்களைத் தொடர்ந்து கண்காணித்தால், ஒழுங்காகத் தொழில் செய்பவர்தான் முதலில் சந்தோஷப்படுவார்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் கமென்ட்டில் மூன்றே கேள்வி கேளுங்கள். ரெரா எண் என்ன? சர்வே எண் என்ன? இந்த இடத்தின் குறை என்ன? விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா சொல்வதையும் நினைவில் வையுங்கள். மூன்று கேள்விக்கும் பதில் சொல்பவரிடம் பேசுங்கள். ‘இன்பாக்ஸ் வாங்க சார்’ என்று மட்டும் சொல்பவரை ஸ்வைப் செய்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.