கர்ணன் சாகிற ராத்திரி

இந்த வாரம் எனக்குக் கோபம். கொட்டிவாக்கம் குப்பத்தில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி போய்ச் சேர்ந்தார். கல்யாணச் சாவு. பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரும் பறைக்கு ஆட, பூப்பல்லக்கு தெருவைக் கடந்தது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உடனே ஆரம்பித்துவிட்டார்கள்: சாவு வீட்டில் என்ன கும்மாளம், அமைதியாக எடுத்துப் போகக் கூடாதா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாலையைப் பிய்த்து வீசுவதும், வண்டிகளுக்கு நடுவே சரவெடி கொளுத்துவதும் எனக்கும் உடன்பாடில்லை. பைக்கில் வருகிறவன் பூவில் வழுக்கி விழுந்தால் இன்னொரு சாவு. சாதியைச் சொல்லி ஒருவரைப் பறையடிக்க வைப்பது அதைவிடக் கேடு. அந்த வேலையை மறுத்து நின்ற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. குழுவில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. ஆடுகிறார்கள், ஆகவே துக்கம் இல்லை என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அதே குப்பத்தில் இருபது வயதுப் பையனைக் கடல் கொண்டுபோயிருந்தால் ஒருவரும் ஆடியிருக்க மாட்டார்கள். எந்தச் சாவுக்கு ஆடுவது என்று அவர்களுக்குத் தெரியும். ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்று "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கைக்கடிகாரம் பார்க்கும் நம் அடுக்குமாடி அமைதியில் துக்கம் எங்கே இருக்கிறது?

கூத்துக்கு வருகிறேன், இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்கள் எதிர்பார்த்துத்தான் இருப்பீர்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் பதினாறாம் நாள் காரியத்துக்குக் 'கர்ண மோட்சம்' வைப்பது வழக்கம். பாரதப் போரின் 17ஆம் நாள் கதை. உத்திரமேரூர் அருகே ஒரு கருமாதியில் விடிய விடியப் பார்த்தேன். மொட்டையடித்த மூத்த மகன் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் குரல் கொடுத்தான். திரை விலகியதும் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் பளீரென்றன. போருக்குப் புறப்படுகிறவன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று அவள் முகங்கொடுக்கவில்லை. நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து அந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கேலி செய்தான் பாருங்கள், ஊரே சிரித்தது. மகனும் வாய்விட்டுச் சிரித்தார். யாரும் அவரை முறைக்கவில்லை.

விடியற்காலையில் கர்ணன் சாய்ந்தான். அம்பு பட்டும் உயிர் போகவில்லை, செய்த தர்மம் காத்து நிற்கிறது. கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அந்தப் புண்ணியத்தையும் தானமாக வாங்கிக்கொண்டான். குந்தி ஓடிவந்து, பிறந்ததும் ஆற்றில் விட்ட பிள்ளையை மடியில் போட்டு ஒப்பாரி வைத்தாள். வீட்டுப் பெண்கள் எழுந்துபோய் அவளோடு சேர்ந்து அழுதார்கள். அப்பா செத்த அன்று அழாமல் வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த அந்த மகன், பாயிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காலையில் கூத்து ஜமாவுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் பேசினார். எந்தக் கட்டியங்காரனைக் கூப்பிட வேண்டும் என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைத்திருந்தாராம்.