ஆளுக்கொரு நீதியா?

ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். 2022 அக்டோபரில் ஊரறியத் தடை. மறு ஆண்டு, 4 ஆண்டுத் தண்டனை! கலப்படச் சத்துப்பொருளே காரணம் என்று கண்ட விளையாட்டு நடுவர் மன்றம் 2024 மார்ச்சில் அதை 9 மாதமாகக் குறைத்தது. அதற்குள் 17 மாதம் பாழ்!

அதே ஆண்டு போலந்து வீராங்கனை ஸ்வியாடெக் வழக்கிலும் கலப்பட மருந்துதான். தண்டனை 1 மாதம். தீர்ப்புக்குப் பிறகே ஊருக்குச் செய்தி. ஏன் இந்தப் பேதம் என்று ஹாலெப் பகிரங்கமாகக் கேட்டார்.

வழக்குகள் வேறு வேறு என்கிறது டென்னிஸ் நேர்மை முகமை. இருக்கட்டும்! ஸ்வியாடெக்கை நாம் குறை கூறவில்லை. விசாரணை முடியும்வரை பெயரை மறைப்பதானால் எல்லோருக்கும் மறைக்கட்டும். பறைசாற்றுவதானால் எல்லோருக்கும் சாற்றட்டும்! விசாரணைக்கு முன்பே ஆலை வாசலில், சஸ்பென்ஷன் நோட்டீஸில் தன் பெயரைக் கண்ட தொழிலாளிக்கு ஹாலெப்பின் கேள்வி புரியும். முகமையே, பதில் எங்கே?