பாதியில் நிறுத்தப்படும் மருந்து

மூன்று வயதுக் குழந்தை நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்றால் வீடே பரபரப்பாகிவிடும். ஒருவர் விளக்கெண்ணெயை எடுப்பார், இன்னொருவர் வெற்றிலைக் காம்பைத் தேடுவார், சோப்பைச் சீவி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எதுவும் பலிக்காதபோது மருத்துவரிடம் ஓடுவார்கள். அவர் எழுதித் தரும் சிரப் உள்ளே போனதும் இரண்டு மூன்று நாளில் வயிறு இளகிவிடும். பாட்டிலும் அலமாரி ஏறிவிடும். கேட்டால், ‘தினமும் கொடுத்தா அதுக்கே பழகிடும்’ என்பார்கள். அடுத்த மாதமே சிக்கல் திரும்பி வரும். குழந்தைகளின் மலச்சிக்கல் வருடக்கணக்கில் இழுபடுவதற்கு, மருந்தை இப்படி அரைகுறையாக நிறுத்துவதே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

தொடக்கம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத ஒரு வாரம், தாய்ப்பாலை விட்டுப் பசும்பாலுக்கு மாறிய சமயம், கழிப்பறைக்குப் பழக்கும் அவசரம், எல்.கே.ஜி. சேர்ந்த புதிது என ஏதோ ஒரு கட்டத்தில் மலம் இறுகி, போகும்போது வலிக்கிறது. சில சமயம் ஆசனவாயில் கீறல் விழுந்து ரத்தமும் தெரியும். வலியை ஒருமுறை கண்ட குழந்தை அடுத்த முறை அடக்கிக்கொள்கிறது. கதவுக்குப் பின்னால் ஒளிந்து, நுனிக்காலில் நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்கும் பிள்ளையைப் பார்த்து ‘பாவம், எப்படி முக்குறான்’ என்று வீட்டார் பரிதாபப்படுகிறார்கள். உண்மையில் அவன் முக்கவில்லை, வருவதை உள்ளேயே நிறுத்தப் பாடுபடுகிறான். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது மேலும் கெட்டிப்பட்டுப் பருக்கிறது. அடுத்த முறை வலி இன்னும் கூடுகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்து, ‘வருகிறது’ என்ற உணர்வே மங்கிவிடும். அடைத்திருக்கும் கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் படியும்போது, வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. திமிர் என்று அடிக்கிறவர்களும் உண்டு. கசிவது பல குழந்தைகளுக்குத் தெரிவதே இல்லை என்பதால் அந்த அடி அநியாயம்.

சிகிச்சையில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. தேங்கியதை முழுமையாக வெளியேற்றுவது முதல் கட்டம். அதற்குச் சில நாட்கள் போதும். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குத் திரும்பி, வலியின் பயம் குழந்தையின் மனத்திலிருந்து போகும்வரை மலத்தை இளக்கமாகவே வைத்திருப்பது இரண்டாவது. அதற்கு மாதங்கள் ஆகும். நம் வீடுகளில் முதல் கட்டம் முடிந்ததுமே எல்லாம் முடிந்ததாகிவிடுகிறது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, இந்த இரண்டாம் கட்ட மருந்தைக் குறைந்தது 2 மாதம் கொடுக்கச் சொல்கிறது. தொந்தரவு எல்லாம் நீங்கி 1 மாதமாவது ஆன பிறகுதான் குறைக்க வேண்டும், அதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். இந்த 2 மாதம் குறைந்தபட்சக் கணக்குதான். சிறப்பு மருத்துவர்களிடம் அனுப்பப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் குணமாகி மருந்தை விடுகிறார்கள் என்கிறது அதே ஆவணம். மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். இந்தக் கணக்குக்கு முன்னால் நம் இரண்டு மூன்று நாள் சிரப் எம்மாத்திரம்?

பழகிவிடும் என்ற அச்சத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. பிள்ளை மீதுள்ள அக்கறையில் எழுவது அது. ஆனால் குழந்தைகளுக்கு முதலில் எழுதப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி குடலில் மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுகிறது. நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குவதோடு அதன் வேலை முடிந்தது. லாக்டுலோஸ் சிரப்பும் செரிக்காத ஒரு சர்க்கரைதான். இவை குடலைச் சோம்பலாக்குவதில்லை. மருந்தை நிறுத்தியதும் சிக்கல் திரும்புவதைப் பார்த்துப் ‘பழகிவிட்டது’ என்கிறோம். மலக்குடல் இன்னும் தேறவில்லை என்பதே அதன் பொருள். குடலை முறுக்கிப் பேதியாக்கும் விளக்கெண்ணெயைக் கூச்சமில்லாமல் புகட்டிவிட்டு, இந்த மென்மையான மருந்துக்கு அஞ்சுவது விந்தைதான். வெற்றிலைக் காம்பும் சோப்பும் போகும் இடமோ, குழந்தை ஏற்கெனவே பயந்து காக்கும் இடம். அங்கே கைவைக்க வைக்க அடக்கும் பிடிவாதம்தான் வளரும்.

சாப்பாட்டிலேயே சரிசெய்யலாமே என்பது அடுத்த கேள்வி. கீரை, பழம், பருப்பு, போதுமான தண்ணீர் எல்லாம் வேண்டும். சோற்றைத் தள்ளிவிட்டு டம்ளர் டம்ளராகப் பாலையே குடிக்கும் பழக்கத்தைக் குறைக்கவும் வேண்டும். ஆனால் அடைப்பு விழுந்த பிறகு உணவு மட்டும் போதாது. உணவு மாற்றத்தை மட்டுமே முதல் சிகிச்சையாக நம்பக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2010-லேயே சொல்லிவிட்டது. கட்டி நிற்கும் குடலில் நார்ச்சத்தை மேலும் மேலும் திணித்தால் வயிற்று உப்புசம்தான் மிஞ்சும்.

உள்ளே வேறு நோய் இருந்தால்? பெரும்பாலான குழந்தைகளுக்கு, சுமார் 95 சதவீதம் பேருக்கு, அப்படி எதுவும் இருப்பதில்லை. ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாதது, பிறந்த மாதமே தொடங்கிய சிக்கல், வயிறு வீங்கிப் பச்சையாக வாந்தி எடுப்பது, எடை ஏறாதது, கால்களில் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் பரிசோதிக்க வேண்டும்.

மருந்தோடு ஒரு பழக்கமும் சேர வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் குழந்தையைக் கழிப்பறையில் உட்காரவைக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் ஒரு முக்காலி போடலாம். காலை ஏழரைக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும் வீட்டில் இதற்கு நேரமில்லை என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத பள்ளிக் கழிப்பறைகள் பிள்ளைகளுக்கு அடக்கக் கற்றுக்கொடுக்கின்றன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சீட்டில் ‘5 நாள்’ என்று எழுதியிருந்தால் ஆறாம் நாள் நிறுத்தத்தான் செய்வார்கள். எனவே மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எத்தனை மாதம் கொடுக்க வேண்டும், எப்போது எப்படிக் குறைக்க வேண்டும், ஜட்டியில் கசிந்தால் என்ன அர்த்தம் என்பதைச் சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். பெற்றோர்களே, அடுத்த முறை பார்த்து மருத்துவர் சொல்லும்வரை அந்தப் பாட்டிலை அலமாரியில் ஏற்றாதீர்கள்.