பனிநாட்டு வீட்டின் பெரிய கதவு

 

நம் ஊர்களில் கார் நிறுத்த ஒரு ஷெட்டும், அதற்கு ஒரு கிராதிக் கதவும் போதும். காற்று உள்ளே வந்தால் நல்லது என்றே எண்ணுவோம். டொரன்டோ, வின்னிபெக் போன்ற கனடா நாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு நிலைமை அவ்வாறன்று. அங்கே ‘கராஜ்’ எனப்படும் கார் அறை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியே இருக்கிறது. இரண்டு கார்கள் நிற்கும் கராஜ் எனில் அதன் கதவு வழக்கமாக 16 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. அதாவது 112 சதுர அடி! சாதாரண வாசற்கதவுகள் ஐந்தை அருகருகே நிறுத்தினாலும் அந்தப் பரப்பு வராது. வீட்டுச் சுவர்களையெல்லாம் கம்பளி போர்த்தியதுபோல் அமைத்துவிட்டு, இத்தனை பெரிய இடத்தை வெறும் தகட்டால் மூடினால் குளிர் எவ்வழியாக வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கனடாவில் வாழும் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். கராஜுக்கு மேலுள்ள அறையில் அவருடைய வயது முதிர்ந்த உம்மா தங்கியிருக்கிறார்கள். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தால் தரையில் கால் வைக்க இயலவில்லையாம். பழைய ஒற்றைத் தகட்டுக் கதவை மாற்றலாமென விசாரித்தால், விற்பனையாளர் மிக உயர்ந்த எண்ணுடைய கதவையே வாங்கும்படி வற்புறுத்துகிறார். கையிலுள்ள ரொக்கம் அதற்குப் போதாது. தவணையில் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். அதற்கு அவர்கள் மனம் ஒப்பவில்லை. “எந்தக் கதவு போதும்?” என்று கேட்கிறார். ‘எது சிறந்தது’ என்று கேளாமல் ‘எது போதும்’ என்று கேட்டாரே, அதுவே பாதி விடையாகும்.

விற்பனையாளர் காட்டும் அந்த எண்ணுக்கு ‘ஆர் மதிப்பு’ என்று பெயர். வெப்பம் ஊடுருவிச் செல்வதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. எண் இரட்டித்தால் கசியும் வெப்பம் பாதியாகும். கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி என்றால் எதில் பாதி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி சென்டிகிரேட். கராஜினுள் 5 டிகிரி இருக்க வேண்டும் என்று கொள்வோம். காப்பு ஏதுமற்ற ஒற்றைத் தகட்டுக் கதவின் மதிப்பு ஏறத்தாழ 1. மேற்சொன்ன 112 சதுர அடிக் கதவின் வழியே அப்போது வெளியேறும் வெப்பம் சுமார் 1770 வாட். இது ஒரு பெரிய மின்சார ஹீட்டர் இடைவிடாது தரும் வெப்பத்துக்கு ஈடு. மதிப்பு 9 உள்ள கதவைப் பொருத்தினால் அது 200 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடுகிறது. 18 உள்ள கதவைப் பொருத்தினாலோ 100 வாட்டை ஒட்டி நிற்கிறது. முதல் மாற்றத்தில் மிச்சம் 1570 வாட்டுக்கும் மேல். இரண்டாவது மாற்றத்தில் மிச்சம் ஏறக்குறைய 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பின் அளவு! இந்தக் கடைசி நூறு வாட்டுக்காகவா ஒரு குடும்பம் கடன்படுவது?

அன்றியும், விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் அந்த எண் பெரும்பாலும் பலகையின் நடுப்பகுதிக்கு மட்டுமே உரியது. கராஜ் கதவோ ஒரே பலகையன்று. குறுக்குவாட்டில் நான்கைந்து பலகைகள் கீல்களால் இணைக்கப்பட்டு, பக்கத் தண்டவாளங்களில் உருண்டு மேலேறுவது. இணைப்புகளிலும் ஓரங்களிலும் வெப்பம் எளிதில் தப்பிவிடும். ஆகவே முழுக்கதவையும் பொருத்தி வைத்துச் சோதித்த அளவு உண்டா என்று கேளுங்கள். அதற்கு ‘யு மதிப்பு’ என்பர். அது குறையக் குறைய நல்லது. வட அமெரிக்கக் கதவு உற்பத்தியாளர் சங்கமான டாஸ்மா வகுத்த 105ஆம் எண் சோதனை முறை இதற்கென்றே உள்ளது. கேட்டவுடன் தாளை எடுத்துக் காட்டும் வியாபாரியிடம் தைரியமாகப் பேரம் பேசலாம்.

கதவின் உள்ளே இருப்பது என்ன? இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் தெர்மோகோல் என்றழைக்கும் பாலிஸ்டைரின் அட்டையை வெட்டிச் செருகுவது. மற்றொன்று, பாலியூரித்தேன் நுரையைத் தகடுகளுக்கிடையே செலுத்துவது; அது பொங்கி விரிந்து இருபுறத் தகடுகளோடும் ஒட்டிக்கொள்ளும். ஒரே தடிப்பில் இரண்டாவது கூடுதலாகக் காக்கும். கதவும் விறைப்பாக, தடதடவென்ற ஓசையின்றி இயங்கும். விலைதான் கூடுதல். எதுவாயினும், முன்தகடும் பின்தகடும் இரும்போடு இரும்பாகத் தொட்டுக்கொள்ளாமல் இடையே ஒரு தடுப்பு இருப்பது அவசியம். இல்லையேல் வெளிக்குளிர் தகட்டின் வழியே நடந்தே உள்ளே வந்துவிடும். உட்புறத்தில் பனிப்பூச்சும் படியும். தகட்டின் தடிப்பைக் ‘கேஜ்’ கணக்கில் சொல்வார்கள். இதில் எண் குறைந்தால் தடிப்பு அதிகம். 28 கேஜைவிட 24 கேஜ் உறுதியானது. குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு கார்ச் சக்கரத்தோடு வந்து கதவின் அடிப்பகுதியை அரிக்கும் என்பதால் துத்தநாகம் பூசிய எஃகையே கேட்டு வாங்க வேண்டும். கதவில் கண்ணாடி வேண்டுமெனில் இரட்டைக் கண்ணாடியாக இருக்கட்டும், இன்றேல் வேண்டாம்.

இவையெல்லாவற்றினும் நான் முதலிடம் தருவது மலிவான ஒரு பொருளுக்கே. கதவின் அடியிலும் பக்கங்களிலும் மேலும் ஓடும் ரப்பர் பட்டையைத்தான் சொல்கிறேன். விரல் நுழையும் சந்து அடியில் இருக்குமானால் 18 என்ன, 80 இருந்தும் பயனில்லை. பகலில் கராஜினுள் விளக்கை அணைத்துவிட்டு நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் குளிரும் வருகிறது. சாதாரண வினைல் பட்டை கடுங்குளிரில் விறைத்துப் போகும். ஈ.பி.டி.எம். எனப்படும் ரப்பர் குளிரிலும் வளைந்து கொடுக்கும். தரை மேடுபள்ளமாக இருந்தால் தரையிலேயே ஒட்டும் பட்டையும் கிடைக்கிறது.

சகோதரியின் உம்மாவுக்கு வருவோம். மேலறையின் தரை சில்லிடுவதற்குக் கதவு மட்டும் காரணமாக இராது. கராஜின் கூரைக்கும் அறையின் தரைக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் காப்பு நிரப்பப்பட்டுள்ளதா, குழாய்களும் ஒயர்களும் செல்லும் துளைகள் அடைக்கப்பட்டுள்ளனவா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கும் ரொக்கத்தில் பட்டைக்கும் கூரைக்கும் போக, எஞ்சியதில் 9க்கும் 12க்கும் இடைப்பட்ட மதிப்புள்ள கதவு ஒன்றை வாங்கினால் போதும் என்பதே என் கருத்து. வீட்டைவிட்டுத் தனியே நிற்கும், சூடேற்றப்படாத கராஜாக இருந்தால் இச்செலவே தேவையில்லை.

துளைகளை அடைப்பதில் இன்னொரு காரியமும் உண்டு. இதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். குளிர்காலக் காலையில் காரைக் கராஜினுள்ளேயே ஓடவிட்டுச் சூடேற்றும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவு திறந்திருந்தாலும் அது வீட்டுக்குள் ஏறும். உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். கதவு இறுக்கமாக மூடினால் அவ்வாயு வெளியேறும் வழியும் குறைகிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2014இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இவ்வாயுவைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவி இருந்தாக வேண்டும். உம்மாவின் அறை வாசலில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

காப்புள்ள கதவு பழையதைவிடக் கனமானது. அக்கனத்தைத் தாங்குவது மோட்டாரன்று, மேலே முறுக்கேற்றி வைத்திருக்கும் ஸ்பிரிங். புதுக்கதவின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் சேர்த்தே பொருத்தப்பட வேண்டும். மோட்டார் இணைப்பை விலக்கிவிட்டுக் கதவைக் கையால் பாதி தூக்கி விட்டால் அது அங்கேயே நிற்க வேண்டும்; விழுந்தாலோ தானே ஏறினாலோ பொருத்தம் சரியில்லை. சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடுவதற்கென்று செய்யப்படுகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை என்றால் ஏழாண்டுகூட நிறையாது. அது அறுந்தால் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். வீட்டு ஆண்கள் வீரம் காட்டும் இடம் இதுவன்று. முறுக்குண்ட ஸ்பிரிங் தெறித்து உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில், கதவு இறங்கும்போது குறுக்கே எது வந்தாலும் திரும்ப ஏறச்செய்யும் ஒளிக்கண்ணும் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாமல் அதைப் பொருத்துவார்கள். அமெரிக்காவில் 1993 முதல் தயாரிக்கப்படும் வீட்டு மோட்டார்களுக்கு இத்தகைய பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம்.

பனி பெய்து உருகி மறுபடி உறைந்த காலையில் சில வேளை கதவு தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினால் புதுப்பட்டை கிழிந்துவிடும். வெந்நீர் ஊற்றினால் அதுவும் சற்று நேரத்தில் உறைந்து கதவை இன்னும் இறுக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் இளக்கி, பிளாஸ்டிக் கரண்டியால் மெல்லப் பெயர்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பட்டையில் சிலிக்கான் எண்ணெய் தடவி வையுங்கள்.