ராணிப்பேட்டை குரோமியக் கழிவு நிலம்: எங்கள் நிலைப்பாடு

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை, 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. 2019 முதல் மாவட்டத் தலைநகராக இருக்கும் ஊரில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கலாமா என்று கேட்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த நிலம் பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். ஆனால் என்ன கட்டலாம் என்பதை மண்ணையும் நீரையும் முழுமையாகச் சோதித்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். கட்டடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற அறிக்கை வாங்குவதை எதிர்ப்போம்.

குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலுடன் உலையில் வறுத்து, நீரில் ஊறவைத்துச் சோடியம் குரோமேட்டைப் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் சக்கையில் ஆறு இணைதிறன் குரோமியம் தங்கிவிடுகிறது. மூச்சு வழியே உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது இது. மழை பெய்தால் கரைந்து மஞ்சள் நீராக ஓடும். தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு இவ்வளவு நச்சும் இல்லை, மண்ணில் இப்படி எளிதில் கரைந்து ஓடுவதும் இல்லை. ஆகவே ‘மொத்த குரோமியம் இவ்வளவு’ என்று ஒரே எண்ணைக் காட்டும் அறிக்கையால் பயனில்லை. இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும். சோதனைக்கு எடுத்த நீரை ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்ற நடைமுறையையும் தளர்த்தக் கூடாது.

பல குழிகளின் மண்ணை ஒன்றாகக் கலந்து சோதித்தால் மிக மோசமான இடமும் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆழம் வாரியாக, குழி வாரியாக முடிவுகள் வேண்டும். கோடை முடிவில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறையும், பாலாற்றுப் பக்கம் உள்ள விவசாயக் கிணறுகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம்தான் இந்திய தர நிர்ணயத்தின் வரம்பு.

பழைய கட்டடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இத்தகைய ஆலைகளில் தரையும் சுவரும் குரோமியக் கரைசலை உறிஞ்சியிருக்கும். செங்கல் காயும்போது மஞ்சள் உப்பு பூத்து வெளியே வரும். நம் ஊரில் இடித்த கற்குவியல் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்: புது வீட்டுக் கடைக்காலுக்கும் பள்ளமான மனைக்கும்தான். அந்த வளாகத்திலிருந்து ஒரு லோடு கூடச் சோதனை இல்லாமல் வெளியே போகக் கூடாது.

ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தால் நஞ்சு அடங்கிவிடும் என்பது பாதி உண்மை. மேலே உள்ளது மாறும். கட்டிகளுக்குள் இருப்பது மெல்லக் கசிந்து சில காலம் கழித்து மறுபடி தலைகாட்டும். எனவே குவியலை மூடிய பிறகும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டியிருக்கும். அதற்கான பணம் திட்டத்தின் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட வேண்டும். கழிவை அள்ளி இன்னோர் ஊரின் எல்லையில் கொட்டுவதைச் சுத்திகரிப்பு என்று ஏற்க மாட்டோம்.

நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் சுத்தம் செய்யலாம் என்ற யோசனையில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. பேசி முடித்ததில் வேண்டாம் என்றே தீர்மானித்தோம். வாங்குபவர் மிகத் தளர்வான வரம்பைத்தான் கேட்பார். வரம்பைப் பற்றிய தகராறு எவ்வளவு நீளும் என்பதற்குக் கொடைக்கானலே சான்று: அங்கே பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாமா என்ற வழக்காடல் பல ஆண்டுகள் நீண்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. மாசடைந்த இடங்களுக்கான 2025ஆம் ஆண்டு மத்திய விதிகளும் அதையே சொல்கின்றன. முதல்கட்ட ஆய்வுக்கு 90 நாள் கெடு வைத்த அந்த விதிகள், சுத்திகரித்து முடிக்கக் கெடு வைக்கவில்லை. மாநில அரசு அந்தக் கெடுவைத் தன் ஆணையில் எழுத வேண்டும்.

கழிவின் மேல் மூடாக்கிட்ட நிலத்தில் வீடு, பள்ளி, மருத்துவமனை, சந்தை, ஆழ்துளைக் கிணறு எதுவும் கூடாது. சூரிய மின்தகடுகள், லாரி நிறுத்துமிடம், மூடாக்கைத் துளைக்காத அடித்தளம் கொண்ட கிடங்கு ஆகியவற்றை ஆட்சேபிக்க மாட்டோம். இந்தக் கட்டுப்பாடு வில்லங்கச் சான்றிலேயே பதிவாக வேண்டும். இருபது ஆண்டு கழித்து மனை வாங்குபவர் பழைய கோப்பைத் தேடி அலைய முடியாது.

சோதனை முடிவுகளைத் தமிழில், கிணறு வாரியாக, நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். வரம்பை மீறிய கிணறு உள்ள குடும்பங்களுக்கு அன்றே மாற்றுக் குடிநீர் தர வேண்டும். விசாரணை முடியும்வரை காத்திருக்கச் சொல்லக் கூடாது.