சூரியன் வராத பொங்கல்

குளிர்நாட்டு மனச்சோர்வு என்றால் அது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். காத்தோங்கில் அமர்ந்துகொண்டு அப்படி எண்ணுவது எளிது. சிங்கப்பூரின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே பத்து நிமிட வேறுபாடுகூட இல்லை.

1980களில் இலங்கையிலிருந்து நார்வேக்குச் சென்ற தமிழருள் கணிசமானோர், வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் மீன்பிடி ஊர்களுக்குப் போனார்கள். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை கிடைத்தது. அப்பகுதியின் ஹம்மர்பெஸ்டில் நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன், சனவரி 20ஐ ஒட்டித்தான் மீண்டும் தலைகாட்டும். கணக்குப் பாருங்கள்: கதிரவனுக்கு நன்றி சொல்லும் தைப்பொங்கலன்று அங்கே கதிரவனே இல்லை! (நெய்தலுக்கு எற்பாட்டைப் பொழுதாக வகுத்த நம் இலக்கணத்தார் இப்படியொரு கடற்கரையைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.)

பருவகால மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் மருத்துவ உலகிற்கு விளக்கினர். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிவிளக்கின் முன் அமர்வது அதற்கான சிகிச்சைகளுள் ஒன்று. நல்லதே. ஆயினும், பழியனைத்தையும் இருட்டின்மீது போட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பகுதித் தமிழரிடையே தங்கி ஆராய்ந்த நார்வே மானிடவியலாளர் ஆன் சிக்பிரிட் குரொன்செத் 2010இல் ஒரு நூல் எழுதினார். உடலெங்கும் வலி என்று அவர்கள் மருத்துவரிடம் போனார்கள்; மருத்துவருக்கோ நோய் எதுவும் புலப்படவில்லை. உறவும் சடங்கும் அறுந்துபோய், அன்றாடம் பழகுவோரிடத்தில் தம்மை இன்னாரென்று அறியும் கண்கள் இல்லாத நிலையோடு அவர் அவ்வலியைத் தொடர்புபடுத்துகிறார். அதற்கு எந்த விளக்கைப் பொருத்துவது?

தமிழாசிரியர் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறொன்று. "உடம்பு முடியவில்லை" என்றால் நம் வீட்டில் கஞ்சி வரும். "மனம் முடியவில்லை" என்றால் "சோம்பல்" என்ற பட்டம்தான் வரும். "கைநிறையச் சம்பளம், உனக்கென்ன குறை?" என்று தொலைபேசியில் கேட்கும் உறவினரிடம், வலிக்கிறது என்பதைத் தவிர ஒருவர் வேறு என்னதான் சொல்வார்?

வடநாடுகளில் உறவினர் உள்ளவர்கள் இந்த மார்கழியில் அழைத்துப் பேசுங்கள். பணத்தைப் பற்றி வேண்டாம். தூக்கம் எப்படி, காலையில் எழ முடிகிறதா, யாருடன் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். இரண்டு வாரத்திற்கு மேலும் சோர்வு நீங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வலியை மட்டுமன்றி மனத்தையும் அவரிடம் சொல்லும்படி சொல்லுங்கள்.