பிஜிக் கொடியில் நம் கரும்பு

சென்ற கார்த்திகை தீபத்தின்போது பிஜித் தீவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் சந்தித்தேன். கொள்ளுத் தாத்தா கப்பலேறியபோது கொடுத்த எமிகிரேஷன் பாஸின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர். ஊர்ப்பெயர் மட்டும் எழுதியவர் கையில் உருத்தெரியாமல் சிதைந்திருந்தது. "வட ஆற்காடு எங்கே இருக்கு ஐயா?" என்றார் அந்த அம்மா. 1989-இல் ஜில்லாவைப் பிரித்தபோது எங்கள் பகுதியை விட்டுப் போன பெயர் அது. "போளூர் இங்கிருந்து ஒரு மணி நேரம்தாம்மா" என்றேன்.

அவர் மகனின் சட்டையில் பிஜிக் கொடி. பசிபிக் கடலைக் குறிக்கும் வெளிர்நீலம், மூலையில் பிரிட்டிஷ் கொடி, வலப்புறம் ஒரு கேடயம். கேடயத்தின் மேலே கொக்கோக் காயைப் பிடித்த சிங்கம். கீழே கரும்பு, தென்னை, புறா, வாழைத்தார். சிங்கத்துக்குக் கீழே முதல் கட்டத்தில் இருப்பது கரும்புதான்.

கலசபாக்கத்தில் முப்பது வருஷம் கரும்பு வைத்தவன் நான். சோகை உரித்த கையில் சுணை ஏறினால் ராத்திரி தூங்க முடியாது. அப்படிப்பட்ட கையோடு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், கடல் கடந்த தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களை நினைத்துக்கொண்டேன். 1879 முதல் 1916 வரை பிஜிக்குப் போன இந்தியர் சுமார் 60,000 பேர். 1903 முதல் சென்னையிலிருந்து போனவர்கள் மட்டும் ஏறத்தாழ 15,000. அதில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அங்கே நம் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடினார்.

1970-இல் ஏற்ற அந்தக் கொடியை, காலனி அடையாளம் என்று மாற்ற 2015-இல் பிஜி அரசு முனைந்தது. அடுத்த ஆண்டு ஒலிம்பிக் ரக்பியில் தங்கம் வென்றபோது மக்கள் அதையே தூக்கிக் கொண்டாடினார்கள். அரசு முடிவைக் கைவிட்டது. கரும்பும் நிலைத்தது. அந்த நாடு தன் கொடியிலேயே வைத்திருக்கும் உழைப்புக்கு, அது புறப்பட்ட மண்ணில் ஒரு கல்வெட்டையாவது நாம் வைக்க வேண்டாமா?

மாவட்ட நிர்வாகம் பழைய வட ஆற்காட்டு ஊர்ப்பெயர்களை இன்றைய பெயர்களோடு பட்டியலிட்டு, தேடி வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பிஜிக்குப் போனவர் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால், இன்றே எழுதி வையுங்கள்.

அந்தக் குடும்பத்தைப் போளூர் வரை நானே அழைத்துப் போனேன். ஊர் கிடைக்கவில்லை. இனி வருகிறவர்களுக்காவது கிடைக்க வேண்டும்.